மச்சு மாமாவை அனுப்பி வைத்தது

எங்கள் வீட்டு மச்சு இறங்கும். தலைக்கு மேலே இருக்கும் தளத்தைத்தான் எங்கள் பக்கத்தில் மச்சு என்போம். நல்ல கான்கிரீட் மச்சு. கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு மனசு சரியில்லாமல் போனால் அது இறங்கும், அவ்வளவுதான்.

நான் தையல்காரி. பெயர் உலகம்மாள். தென்காசிக்கு மேற்கே ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் இருந்துகொண்டு நாலு பள்ளிக்கூடங்களுக்கு யூனிபார்ம் தைக்கிறேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காத நேரம் குறைவு. அதனால் நான் சொல்லும் அளவுகளில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

முதலில் மச்சு நூற்றிருபது அங்குலத்தில் இருந்தது. முதல் தடவை அது இறங்க ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. ஃபேனைக் கழற்றினோம். பிறகு டியூப்லைட்டைக் கழற்றினோம். என் கணவர் ஆவுடையப்பன் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அறுபத்தேழு அங்குலம் உயரம். அறுபத்திரண்டுக்கு மச்சு வந்தபோது குனிந்து நடக்கத் தொடங்கினார். வீட்டுக்குள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்.

நான் பாயை விட்டு எழவில்லை. அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகள் கை இல்லாமல் குவிந்து கிடந்தன. என் மகள் கனிஷ்காவுக்கு அப்போது பத்து வயது. ஐம்பத்திரண்டு அங்குலம். அவளுக்கு இன்னும் இடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு மச்சைப் பார்ப்பாள்.

"எம்மா, அது எங்கிட்டு வரைக்கும் வரும்?"

"தெரியல."

"தரை வரைக்குமா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒரு தாய்க்கு இதைவிடப் பாவம் வேறு இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இருந்தது என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இளவயதுதான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு எறங்கியிருக்கு?"

"அம்பத்தெட்டு அங்குலம்."

"தூக்கம்?"

"நாலு மணிக்கே முழிப்பு வந்துருது."

"சாக தோணுதா?"

"மச்சு வந்து சேரட்டும்னு படுத்திருக்கேன்."

அவர் எழுதிக்கொண்டார். வெள்ளை மாத்திரை. மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். தினமும் காலையில் ஒன்று.

"ஆறு வாரத்துல ஒரு ஆள் வருவாரு," என்றார்.

"யாரு?"

"தாங்குறவரு."

"வந்தப்பெறவு மாத்திரைய விட்டுறலாமா?"

"நான் சொல்ற வரைக்கும் போடணும்."

இது என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

முதல் மூன்று வாரம் வாய் வறண்டதுதான் மிச்சம். வயிற்றைப் புரட்டியது. யாரும் வரவில்லை. நாற்பத்திரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எழுபது அங்குல உயரத்தில் ஒருவர் நின்றார். செருப்பை வாசலில் விட்டார். குனிந்து உள்ளே வந்து ஹாலுக்கு நடுவில் நின்றார். தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே கொடுத்தார். நிமிர்ந்தார்.

மச்சு ஏறியது. மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாலைக்குள் நூற்றிருபதில் போய் நின்றது. அவருடைய கைகளும் கூடவே நீண்டிருந்தன.

"தண்ணி குடிக்கேளா?" என்று கேட்டேன்.

"குடிப்பேன்."

சொம்பை நான்தான் வாயில் ஊற்ற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நன்றாக இருந்தோம். நான் எழுந்தேன். சட்டைகளுக்குக் கை வைத்தேன். குழம்புக்கு உப்பு சரியாக விழுந்தது. கனி அவருடைய காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். மச்சு மாமா என்று அவள்தான் பெயர் வைத்தாள். அவர் அதிகம் பேசமாட்டார். அவள் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் மட்டும் அடுத்த எண்ணைச் சொல்லுவார்.

என் கணவரின் அக்கா செண்பகவல்லி மைனிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் வீட்டில் வெள்ளையடிப்பு. அதனால் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்க வந்தாள். ஹாலுக்கு நடுவில் நின்றவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"யாருளா இது?"

"மச்சத் தாங்குதாரு, மைனி."

"மச்சுதான் மேல இருக்கே?"

"அவரு தாங்குததுனால இருக்கு."

"அதெல்லாம் சரியாயிட்டு. பெறவு என்னத்துக்கு நிக்காரு? மாப்பிள வீட்டுக்காரக பாத்தா என்ன நெனைப்பாக? குடும்பத்துல ஏதோ கோளாறுன்னுல்லா நெனைப்பாக."

என் கணவர் யோசித்தார். அவர் யோசித்தால் எனக்குப் பயம்.

"அக்கா சொல்லுததும் நியாயந்தான்," என்றார். "வீடு கட்டி முடிச்சப்பெறவு கொத்தனாரை யாராது வீட்டுலயே வச்சிருக்காகளா?"

நானும் மச்சைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது. இவ்வளவு உறுதியான மச்சுக்கு ஒரு ஆள் எதற்கு என்று எனக்கும் பட்டது. பெண் பார்க்கும் நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மாத்திரையை நிறுத்தினேன். அவரை அனுப்பி வைக்க முடிவு செய்தோம்.

எங்கள் குடும்பத்தில் அனுப்பி வைக்கிற முறை ஒன்று உண்டு. பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர், கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவர், யாராக இருந்தாலும் வெறுங்கையோடு போனதில்லை. தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். அவர் பஸ் ஏறி, பஸ் முக்குத் திரும்பி மறைகிறவரை கூட நிற்போம். ஊரில் இதற்காக எங்களுக்கு நல்ல பெயர். அவருக்கும் அப்படியே செய்தோம்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மொதல்ல ஒரு கைய எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"அடுத்த மாசம் இன்னொரு கை. அதுக்கு அடுத்து தலை. அப்படித்தான் போறது."

"அய்யய்யோ, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு செரமம்," என்றார் என் கணவர். "ஒரேயடியா கெளம்புங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, எங்களுக்காக செரமப்படாதீங்க," என்றேன்.

நாங்கள் உபசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அவர் இரண்டு கைகளையும் ஒன்றாக எடுத்தார். சும்மாட்டை உதறித் தோளில் போட்டார். மச்சு அப்படியே இருந்தது. பார்த்தியா என்றாள் மைனி.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் ஆரம்பித்தது. நான் கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சடக்கென்று ஒரு சுவிட்ச் விழுந்தது. அதே நேரம் எதிர்வீட்டு டியூப்லைட் அணைந்தது. திரும்பப் பார்த்தால் எரிந்தது. எதிர்வீட்டு இசக்கிராஜ் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மரியாதையானவர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, கொஞ்ச நாளைக்கு நேராவே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பேப்பர் படிக்க முடியல."

"முயற்சி பண்ணுதேன் சார்."

"செரமந்தான். தெரியுது."

நேராகவே பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்களையும் நேராகவே பார்த்தேன். காப்பி டம்ளர் எடுக்கத் தலையோடு திரும்பினேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பொண்ணோட அத்தைக்கு ரொம்ப அடக்கம் என்றாளாம். நிச்சயமாகிவிட்டது. பதினைந்து நாளில் சுவிட்சும் நின்றது. இசக்கிராஜ் சார் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்.

இரண்டு மாதம் மச்சு அசையவில்லை. மூன்றாவது மாதம் இறங்கியது. முதல் தடவை ஒரு வருஷம் எடுத்த வேலையை இந்தத் தடவை மூன்று வாரத்தில் முடித்தது. வழி தெரிந்துவிட்டது போல.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அறைக்குப் போகும் நடை முன்பு நாற்பது எட்டு வைத்தால் முடிந்துவிடும். இந்தத் தடவை காலையில் நடக்க ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிட்டது. வழியில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது தடவை?" என்றார்.

"ரெண்டாவது."

"எனக்கு அஞ்சாவது. மொதல்லெல்லாம் அந்தத் தூணு வரைக்குந்தான் இருந்துச்சு இந்த நடை."

அவர் காட்டிய தூண் எனக்குத் தெரியவில்லை. ஊறுகாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நடை முடிகிற இடத்தில் மறுவருகைப் பிரிவு இருந்தது. முன்பு அது இல்லை. எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"ஆள் வந்தாரா?"

"வந்தாரு."

"ஒழுங்கா தாங்குனாரா?"

"தாங்குனாரு."

"அப்ப ஏன் போனாரு?"

"நாங்கதான் அனுப்புனோம்."

"காரணம்?"

"நல்லா இருந்தேன்."

அவர் எழுதினார். பிறகு அடித்தார். "இதுல செத்துட்டாரு, ஓடிட்டாரு, சண்டை, இந்த மூணுதாம்மா இருக்கு. நல்லா இருந்தேன்னு எழுத எடம் இல்ல."

"அப்ப சண்டைன்னு போட்டுக்கிடுங்க."

"என்ன சண்டை?"

"சண்டை இல்ல சார். வேட்டி துண்டு குடுத்துத்தான் அனுப்புனோம்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "வேட்டி துண்டா?"

"வெத்தல பாக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு முத்திரை குத்தினார்.

மறுபடி மாத்திரை. இந்தத் தடவை ஐம்பத்தாறு நாள் ஆனது. வந்தார். நாங்கள் கொடுத்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார். வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்தாறு அங்குலம். தையல்காரிக்கு டேப் வேண்டியதில்லை.

"நாலு அங்குலம் கொறஞ்சிட்டேளே?"

"போயிட்டு வந்தா அப்படித்தான்."

"அடுத்த தடவையும் கொறையுமா?"

"சொல்ல முடியாது. சில வீட்டுக்கு அப்படியேதான் போறேன். சில வீட்டுக்குப் போகவே முடியல."

அவர் தாங்கியதும் மச்சு தொண்ணூற்றெட்டு வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. ஃபேனை மாட்ட முடியவில்லை. டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டோம். பரவாயில்லை என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.  கனி அவர் காலடியில் நோட்டோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து நடந்ததை மைனி தலையில் போட முடியாது. அது என் வேலை.

அந்த வருஷம் ஜூன் மாதம் முந்நூறு சட்டை தைத்தேன். ஒரு பட்டன் தப்பவில்லை. ஒரு நாள் காலை மிஷினில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஹாலில் அவர். எந்த நேரமும் அவர். என் வீட்டில், என் ஹாலில், நான் ஆளாக இருப்பதற்கு ஒரு ஆள் நிற்க வேண்டுமா என்று எரிச்சல் வந்தது. மச்சைத் தாங்க ஆள் வைத்திருப்பவள் என்று ஊரில் எவளையாவது சொல்கிறார்களா? எல்லாரும் சும்மாதானே இருக்கிறார்கள். நானும் சும்மா இருக்கிறேன், எனக்கு முடியும் என்று தோன்றியது.

நன்றாக இருக்கும்போதுதான் அப்படித் தோன்றும். முடியாமல் கிடக்கும்போது யாருக்கு ரோஷம் வரும்?

மாத்திரை அட்டையைப் பட்டன் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. தாம்பாளம்கூட எடுக்கவில்லை. அவரிடம் போய், "போயிட்டு வாங்க," என்றேன்.

"ஒரு கைய..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்க."

கனி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வந்து பார்த்தாள். ஹாலில் அவர் நின்ற இடத்தில் இரண்டு பாதத் தடம் இருந்தது. அவள் அதில் தன் பாதத்தை வைத்து அளவு பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இசக்கிராஜ் சார் வீட்டில் மறுபடி லைட் அணைந்து எரிந்தது. அவர் இந்தத் தடவை வரவில்லை. மெழுகுவர்த்தி வைத்துப் படித்தார்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மச்சு கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தால் டப்பாவைத் திறந்து நாலு நாள் மாத்திரை போடுவேன். ஐந்தாம் நாள் நன்றாக இருந்தால் விட்டுவிடுவேன். தலைவலித் தைலம் தடவுகிற மாதிரி. அதனால் என்ன ஆனது என்றால், அவர் எங்கள் தெருமுனை வரை வருவார். டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எழுந்து நாலு எட்டு வைப்பார். திரும்பிப் போய் உட்காருவார். நாலைந்து மாதம் இப்படி. ஒரு தடவை பால் வாங்கப் போனபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"வரவா, போகவா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"சரி," என்றார்.

அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னைவிடக் குட்டையாகத் தெரிந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. மறுநாளும் நான் மாத்திரை போடவில்லை. ஒரு நாள் பெஞ்சில் அவரைக் காணவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். எந்த ஆளு என்றார்.

மச்சு ஒரே வாரத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்தது. கனி வளர்ந்துவிட்டாள். பன்னிரண்டு வயது, ஐம்பத்தெட்டு அங்குலம். எல்லாரும் குனிந்தே நடந்தோம். என் கணவர் முட்டுக்கால் போட்டு நடந்து சமைத்தார். நான் படுத்திருந்தேன். படுத்திருப்பவளுக்கு உயரம் ஒரு பிரச்சினை இல்லை. என் வயிற்றுப் பிள்ளை என் கண்முன்னால் மடங்கி நடந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து உள்ளே குனிந்து பேசினார்.

"உங்க பொண்ணு மைதானத்துலயும் குனிஞ்சேதான் நடக்கா."

"மைதானத்துலயா?"

"மேல ஒண்ணுமே இல்ல, வானந்தான் இருக்குன்னு சொன்னேன். தெரியும் டீச்சர்னு சொல்லுதா. ஆனா நிமிர மாட்டேங்கா."

டீச்சர் போன பிறகு நான் வெகுநேரம் அழுதேன். பிறகு தவழ்ந்து வெளியே வந்து பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி நடையில் இரண்டு நாள் நடந்தேன். தயிர்சோற்றுக்காரரைத் தேடினேன். அவர் துண்டு மட்டும் விரித்த இடத்தில் இருந்தது.

"எத்தனை தடவை நிறுத்தினீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவருக்குத் தலைமுடி நரைத்திருந்தது.

"மூணு. இல்ல. நாலஞ்சு மாசமா விட்டு விட்டு. எண்ணல."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நல்லா இருந்தேன்."

அவர் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. "உலகம்மா, அனுப்பவே கூடாதுன்னு நான் சொல்லல. ஒரு நாள் அனுப்பலாம். சேர்ந்து உக்காந்து முடிவு பண்ணணும். ஒரு கை, அப்புறம் ஒரு கை, அப்புறம் தலை. மாசக்கணக்குல. திடீர்னு எடுத்தா எல்லாம் உங்க மேலதான் விழும்."

"எம்மேல விழுந்தா பரவால்ல டாக்டர்."

"உங்க மேல மட்டும் விழாது."



"மறுபடி அவரு வருவாரா?"

"வரலாம். வராமயும் போகலாம். வரலைன்னா வேற ஆளைக் கேட்டுப் பாப்போம். ஆனா நடுவுல விடாதீங்க. ரெண்டு வாரத்துல வந்து என்னைப் பாருங்க. நடை நீளந்தான். வாங்க."

மாத்திரை போட ஆரம்பித்தேன். தினமும் காலையில், என் கணவர் முன்னால், வாயைத் திறந்து காட்டினேன். மச்சு மேலும் இறங்கியது. ஐம்பத்து மூன்று. ஐம்பது. சொன்னபடி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். போட்டுக்கிட்டே இருங்க என்றார். போட்டுக்கொண்டே இருந்தேன்.

இருபதாம் நாள் தூங்கி எழுந்தபோது மச்சு உயர்ந்திருந்தது. டேப் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.  வந்துவிட்டார், போன தடவையைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார் என்று ஹாலுக்கு ஓடினேன்.

ஹாலுக்கு நடுவில் கனி நின்றாள். யூனிபார்மில் இருந்தாள். புத்தகப்பை காலடியில் கிடந்தது. என் துவாலையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே கொடுத்திருந்தாள்.

"கனி, என்னட்டி செய்யுத?"

"ஒண்ணுமில்லம்மா. நீ போயி தையி."

"வா வெளிய."

"வந்தா எறங்கிரும்."

நான் போய் அவள் பக்கத்தில் கை வைத்தேன். என் கை பட்டதும் மச்சு இரண்டு அங்குலம் இறங்கியது. அவள் முனகினாள். கையை எடுத்துக்கொண்டேன். என் கணவர் மாற்றிப் பார்த்தார். அவர் பிடித்தால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவளுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுக்க மட்டும் அது உதவியது. அந்தக் கொஞ்ச நேரத்திலும் அவள் மச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் போய் வந்ததும் நிற்பாள். நின்றபடியே ஆற்றுப் பெயர்களை ஒப்பிப்பாள். நான் மிஷினை உருட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்துத் தைத்தேன். தைக்க முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விளையாடப் போக வேண்டிய பிள்ளை. சாயங்காலம் தெருவில் மற்ற பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்கும். அவள் காதில் விழாத மாதிரி இருப்பாள். மைனி ஒரு தடவை வந்து வாசலில் நின்று பார்த்தாள்.  செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. தினமும் காலையில் கனி மேலே பார்த்தபடி கேட்பாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வாயக் காட்டு."

காட்டுவேன். அவளால் குனிந்து பார்க்க முடியாது. நான்தான் முகத்தை அவளுக்கு எதிரே தூக்கிக் காட்டுவேன்.

எழுபத்து மூன்றாம் நாள் அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை. என் தோள் உயரம்தான் இருந்தார். கையில் ஒரு முக்காலி கொண்டுவந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டார். கனி நிற்பதைப் பார்த்ததும் முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு ஏறினார். சும்மாடு வைத்தார். கை கொடுத்தார்.

மச்சு ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது. அறுபது. எழுபது. மத்தியானம் எண்பத்து நாலில் நின்றது. என் கணவர் நிமிர்ந்து நின்று கழுத்தைத் தடவிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூற்றிருபது இல்லை. தொண்ணூற்றெட்டும் இல்லை. போதும் என்று இருந்தது எனக்கு. எண்பத்து நாலு அங்குலத்தில் ஒரு குடும்பம் நிமிர்ந்து வாழலாம்.

கனி கையை இறக்கவில்லை.

அவள் உள்ளங்கைக்கும் மச்சுக்கும் நடுவில் இப்போது ஒரு முழம் இடைவெளி இருந்தது. அவள் தாங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றாள். 

"மாமா வந்துட்டாருட்டி. கைய எறக்கு."

அவள் இறக்கவில்லை.

"பாரு, மச்சு மேல போயிட்டு. உங்கையிலயே படல."

"தெரியும்மா."

"பெறவு என்னத்துக்கு நிக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே முகம்.

"நீ நல்லாயிருவல்லா," என்றாள்.

"ஆமா. நல்லாயிருவேன்."

"அப்ப நீ அவர அனுப்பிருவம்மா."

முக்காலியில் நின்றவர் வேறு பக்கம் பார்த்தார். அனுப்பமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் சொல்லி அவள் ஏன் நம்ப வேண்டும்?

அடுக்களைக்குப் போனேன். நிமிர்ந்து நடந்தேன். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, பிசைந்து எடுத்து வந்தேன். ஒரு உருண்டையை அவள் வாய்க்கு நேரே பிடித்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்று விழுங்கும் வரை காத்திருந்தேன். அடுத்த உருண்டை உருட்டினேன். கை மேலேயே இருந்தது.